மாதுளை பதில் சொல்கிறது

ரேடியோ செட்டின் நெற்றியில் இருக்கும் சின்னக் கண்ணாடித் திரையில் எண் வரவில்லை. ரகியா முதலில் கவனித்தது அதைத்தான். சத்தத்தை அதற்கப்புறம்தான் கவனித்தாள்.

எண் வராமல் இருக்க வழியே கிடையாது. மலையில் வேலை செய்யும் ஒவ்வொரு மீட்பாளனின் இடுப்பிலும் ஒரு வாக்கி-டாக்கி தொங்குகிறது. ஒவ்வொரு வாக்கிக்கும் ஓர் எண். யார் பொத்தானை அமுக்கினாலும், அவன் வாயைத் திறப்பதற்கு முன்பே அவனுடைய எண் இந்தக் கண்ணாடியில் பச்சையாக வந்து நின்றுவிடும். தும்மினால்கூட யார் தும்மியது என்று இந்த அக்காவுக்குத் தெரிந்துவிடும் என்று இதிர் கேலி செய்வான். இதிர் அவள் கூடப்பிறந்த தம்பி. அவன் எண் ஏழு. ஆட்களுக்கு ரேடியோவில் மரத்தின் பெயர் வைப்பது அவர்கள் படையின் வழக்கம். அவனுக்கு வாய்த்தது மாதுளை.

நேற்று மத்தியானம் தாஸ்கா கிராமத்தின் மேல் தெருவில், நிலநடுக்கத்தில் பாதி இடிந்து நின்ற ஒரு வீட்டுக்குள் யாரோ இருமுகிறார்கள் என்று இதிர் தவழ்ந்து போனான். அவன் கால் உள்ளே மறைந்த கொஞ்ச நேரத்தில் பின்னதிர்வு வந்தது. தெரு மொத்தமும் அப்படியே உட்கார்ந்துவிட்டது. அதற்குப் பிறகு மாதுளை பேசவில்லை. ஆனாலும் ஒவ்வொரு மணிக்கும் பெயர் கூப்பிடும்போது ரகியா அவனையும் சேர்த்தே கூப்பிட்டாள். வேண்டாம் என்று சொல்லும் தைரியம் கேப்டனுக்குக்கூட வரவில்லை.

இந்தத் தடவையும் அப்படித்தான் கூப்பிட்டாள்.

"அத்தி."

"அத்தி இருக்கேன். டீ இல்லாம இருக்கேன், அதையும் சேர்த்துக்க" என்றார் பொஜ்மா. அவருடைய எண் மூன்று பச்சையாக வந்து போனது.

"வாதுமை."

"வாதுமை இருக்கேன்." எண் ஐந்து.

"மாதுளை."

ச்சக். ச்சக்.

கண்ணாடி வெறுமையாக இருந்தது.

பேச முடியாதவன் பேசும் முறை அது. வாயெல்லாம் மண்ணாகி, நெஞ்சுமேல் விட்டம் கிடந்து, குரல் எழும்பாமல் போனாலும் ஒரு விரல் அசைந்தால் போதும். பொத்தானை இரண்டு தடவை அமுக்கினால் ஆமாம். ஒரு தடவை என்றால் இல்லை. நகரத்துப் பயிற்சி மைதானத்தில் எல்லோருக்கும் இதைச் சொல்லிக்கொடுத்தவளே ரகியாதான். "கல்யாணம் பண்ணிக்கறியான்னு நீ கேட்டா ஒண்ணா ரெண்டா அக்கா?" என்று இதிர் கேட்க, மொத்தப் படையும் சிரித்தது. அவளும்தான் சிரித்தாள்.

அவள் உட்கார்ந்திருந்தது பள்ளிக்கூடத்தின் தலைமையாசிரியர் அறை. ஊரில் சுவரோடும் கூரையோடும் மிச்சமிருந்த ஒரே பெரிய கட்டடம் அதுதான். ஆனாலும் ஜன்னல் மூலையிலிருந்து தரைவரைக்கும் ஒரு விரிசல் இறங்கியிருந்தது, அதன் வழியே குளிர்காற்றும் அதோடு தைலப்புல் வாசமும் அதற்கு அடியில் வேறொரு இனிப்பான கெட்ட வாசமும் (இடிந்த தொழுவங்களில் ஆடுகள் கிடக்கின்றன, ஆடுகள்தான் என்று எல்லோரும் ஒருவருக்கொருவர் சொல்லிக்கொண்டார்கள்) நிற்காமல் உள்ளே வந்துகொண்டிருந்தன. வெளியே விளையாட்டு மைதானத்தில் ரிப்பீட்டர் வண்டி நின்றது. அதன் முதுகிலிருந்து உயர்ந்த கம்பத்தை நான்கு பக்கமும் கயிறு கட்டி இழுத்து நிறுத்தியிருந்தார்கள். செல்போன் கோபுரங்கள் எல்லாம் முதல் அதிர்விலேயே சாய்ந்துவிட்டதால், இந்தப் பள்ளத்தாக்கில் ஒருவன் குரல் இன்னொருவனுக்குக் கேட்க வேண்டுமென்றால் அந்தக் கம்பம் வழியாகத்தான் கேட்க வேண்டும். மதியத்திலிருந்து மூடுபனி இறங்கிக்கொண்டே இருந்தது. கம்பத்தின் தலை இப்போது தெரியவில்லை, கயிறுகள் நான்கும் எதிலும் கட்டப்படாதவைபோல மேலே போய் மறைந்தன.

"இதிர்" என்றாள் மைக்கில். குரல் கீச்சிட்டது. "இதிரு, நீயாடா?"

ச்சக். ச்சக்.

"உயிரோட இருக்கியா?"

ச்சக். ச்சக்.

"அடிபட்டிருக்கா? பக்கத்துல காத்து வருதா? தோண்டினா உன்கிட்ட வர முடியுமா?"

ஒவ்வொன்றுக்கும் இரண்டு. அவசரமில்லாமல், ஒரே இடைவெளியில், வீட்டுக் கதவைத் தட்டுகிற விருந்தாளியைப்போல மரியாதையாக இரண்டு. கண்ணாடியில் மட்டும் எதுவும் வரவில்லை. ரகியா அதைச் சட்டைக் கையால் துடைத்தாள், நகத்தால் தட்டினாள். பழுதாகியிருக்கும் என்று தோன்றிய அதே நேரத்தில் பொஜ்மா குறுக்கே வந்து "என்னம்மா சத்தம் அது?" என்று கேட்டார். அவருடைய மூன்று பச்சையாக, துல்லியமாக வந்து நின்றது.

கேப்டன் தைபி அறைக்குள் வரும்போது அவருடைய ஆரஞ்சு உடுப்பு முழங்கால்வரைக்கும் சேறு. இரண்டு நாளாகத் தூங்காத மனுஷன். பேசுவதற்கு முன் ஒவ்வொரு தடவையும் சுவரில் கைவைத்துக்கொண்டார்.

"நானும் பாதி கேட்டேன்" என்றார். "ரகியா, நிதானமாச் சொல்லு. மேல் தெரு எப்படி நிக்குதுன்னு உனக்கே தெரியும். உயிர் இருக்குன்னு உறுதியாத் தெரியாம ஒரு ஆளையும் உள்ள அனுப்ப மாட்டேன்னு காலையிலதான் சொன்னேன்."

"தெரியும் கேப்டன்."

"நாளைக்கு மண் தள்ளுற இயந்திரம் வந்துடும். வந்தா மொத்தமா தள்ளிடுவாங்க. அதனாலதான் கேக்கறேன். ஏழுதானே வந்துச்சு?"

பொய் சொல்லிப் பழக்கமில்லை அவளுக்கு. இந்த வேலையில் பொய்க்கு இடமே இல்லை. கேட்டதைக் கேட்டபடி திருப்பிச் சொல்வதுதான் மொத்த வேலையும்.

"ஏழு" என்றாள்.

"சோதனைக் கேள்வி கேட்டியா?"

அதுவும் அவள் சொல்லிக்கொடுத்த பாடம்தான். ஆமாம், ஆமாம் என்று வருகிற பதிலை நம்பாதே. கல் அழுத்தினாலும் பொத்தான் அமுங்கும், கம்பி உரசினாலும் சத்தம் வரும். இல்லை என்று மட்டுமே பதில் வரக்கூடிய ஒரு கேள்வியைக் கேள். ஒரே ஒரு தட்டு வந்தால்தான் அங்கே ஓர் ஆள் இருக்கிறான்.

அவள் அதைக் கேட்கவில்லை. மறந்து போனதல்ல. கேட்கப் பயந்தாள்.

"கேட்டேன் கேப்டன். இல்லைன்னு சரியா வந்துச்சு."

தைபி கண்ணை மூடினார். "அல்ஹம்துலில்லாஹ்" என்று முணுமுணுத்துவிட்டு வாக்கியை எடுத்தார். "அத்தி, உன் ரெண்டு பேரையும் கூட்டிட்டு மேல் தெருவுக்குப் போ. மாதுளை உயிரோட இருக்கான்."

அந்தப் பக்கம் பொஜ்மா கத்திய கத்தலில் செட்டின் ஒலிபெருக்கி அதிர்ந்தது. "நான் சொல்லலையா! அந்தப் பய அவ்வளவு லேசுல போவானா? என்கிட்ட சீட்டாட்டத்துல தோத்த கணக்கு பாக்கி இருக்கே!"

கேப்டன் தெருமுனைக்குப் போய்விட்டார். ரகியா மைக்கைக் கீழே வைத்தாள்.

மஹ்ஜூப் உள்ளே எட்டிப் பார்த்தான். ரிப்பீட்டரையும் ஜெனரேட்டரையும் கட்டி மேய்ப்பவன் அவன்தான்; எண்ணெய்க் கையோடு ஒரு கிளாஸில் புதினா டீயும், உடைத்த வாற்கோதுமை ரொட்டித் துண்டும் கொண்டுவந்திருந்தான்.

"தங்கச்சி, அந்த நாற்காலிக்கும் உனக்கும் நிக்காஹ் ஆயிடுச்சா? எழுந்து ரெண்டடி நட. தம்பி வந்ததும் உன்னைப் பார்த்து பயந்துடப் போறான்."

அவள் சிரிக்க முயன்றாள். அவன் டீயை வைத்துவிட்டுப் போகாமல் நின்றான்.

"ஒண்ணு கேக்கட்டுமா? வண்டியிலயும் இதே கண்ணாடி இருக்குல்ல. இப்ப ரெண்டு தட்டு வந்தப்போ நான் பக்கத்துலதான் இருந்தேன். எண் ஒண்ணும் வரலியே."

"வந்துச்சு அண்ணே. எனக்கு வந்துச்சு."

மஹ்ஜூப் அவள் முகத்தையே பார்த்தான். அப்புறம் தலையைச் சொறிந்துகொண்டு, "அப்ப என் வண்டியிலதான் கோளாறு போல. பாக்கறேன்" என்று போய்விட்டான். அவன் நம்பவில்லை என்பது அவன் நடையிலேயே தெரிந்தது.

பிறகு மௌன உத்தரவு வந்தது. இடிபாட்டுக்குள் காது வைத்துக் கேட்பதற்கு முன் பள்ளத்தாக்கே வாயை மூட வேண்டும். மஹ்ஜூப் ஜெனரேட்டரை நிறுத்தி செட்டை பேட்டரிக்கு மாற்றினான், கீழ் மைதானத்தில் கூடாரங்களுக்கு நடுவே அழுதுகொண்டிருந்த பெண்கள் முக்காட்டுத் துணியை வாயில் திணித்துக்கொண்டார்கள், யாரோ ஒரு கழுதையின் மூக்கைப் பொத்திப் பிடித்தார்கள், அதுவரை அந்த எந்திர இரைச்சலுக்கு அடியில் மறைந்து கிடந்த சத்தங்கள் ஒவ்வொன்றாக வெளியே வந்தன: விரிசலில் மண் சலசலவென்று உதிர்வது, தூரத்து ஓடை, கம்பத்தின் கயிறு பனியில் நனைந்து முறுகுவது. எங்கும் வெள்ளையாக இருந்தது. அந்தி இறங்குகிறதா பனிதான் கறுக்கிறதா என்று சொல்ல முடியவில்லை.

அந்த அமைதியில் உட்கார்ந்திருக்க அவளால் முடியவில்லை. மைக்கை எடுத்தாள். மெதுவாகக் கேட்டாள், யாருக்கும் கேட்டுவிடக்கூடாது என்பதுபோல. மௌன உத்தரவுக்காக எல்லோரும் தங்கள் வாக்கியின் ஒலியைக் குறைத்திருந்தார்கள்.

"இதிர். ஒரே ஒரு கேள்விடா. அம்மா உயிரோட இருக்காங்களா?"

அம்மா போய் ஆறு வருஷமாகிறது. கபர் குழிக்குள் இறங்கி அம்மாவை வாங்கிக் கிடத்தியவனே இதிர்தான்.

ச்சக். ச்சக்.

இல்லை, மயக்கத்தில் இருக்கிறான். தண்ணீர் இல்லாமல் ஒரு நாளுக்கு மேல். யாருக்குத்தான் புத்தி நிலையாக இருக்கும்? அவன் குழம்பியிருக்கிறான், அவ்வளவுதான், குழம்பிய ஆள் உயிரோடிருக்கிற ஆள்தானே.

"தப்புடா" என்றாள். "அதுக்கு இல்லைன்னு சொல்லணும்டா. ஒரு தடவை. ஒரே ஒரு தடவை அமுக்கணும். நான் சொல்லிக்கொடுத்தேனே. அம்மா இல்லடா. இப்ப சொல்லு."

செட் இரைந்தது. நீண்ட நேரம் வெறும் இரைச்சல்.

ச்சக்.

ஒன்று.

சற்று இடைவெளி. மறுபடியும் ஒன்று. அப்புறம் இன்னொன்று, கொஞ்சம் மெதுவாக. அப்புறம் இன்னொன்று, வேகமாக. புதிதாக எழுதக் கற்றுக்கொள்கிற குழந்தை ஒரே எழுத்தைத் திரும்பத் திரும்ப எழுதிப் பார்ப்பதைப்போல.

அவள் மைக்கைத் தூரத் தள்ளினாள்.

பொஜ்மாவை நிறுத்த வேண்டும். இப்போதே நிறுத்த வேண்டும். நிறுத்தினால் இதிர் செத்தான். நாளைக்கு இயந்திரம் வந்து அவனையும் மண்ணோடு மண்ணாகத் தள்ளிவிடும். அது இதிராக இருந்தால்? நூற்றில் ஒரு பங்கு அது இதிராக இருந்துவிட்டால்? விரல் பொத்தான்மேல் இருந்தது. அமுக்கவில்லை. அந்த ஒரு நிமிஷத்தைத்தான் அவள் பிறகு திரும்பத் திரும்ப நினைக்கப்போகிறாள், நினைக்க அவகாசம் இருக்கும்வரைக்கும்.

"தளம், அத்தி பேசறேன்." பொஜ்மா கிசுகிசுத்தார். மூன்று, பச்சை. அவருடைய மூச்சு வாக்கியில் மோதுவது கேட்டது. "உள்ள வந்துட்டோம். ரெண்டு பேரும் என் பின்னாடி இருக்காங்க. கால் தெரியுது. அவன் ஷூதான்."

"இதிர்!" என்றாள் ரகியா.

"இரும்மா. இரு." கற்கள் நகரும் சத்தம். மறுபடி பேசியபோது அவர் குரலில் கேலி எதுவும் மிச்சமில்லை. "ரகியா. மனசைத் திடப்படுத்திக்க. உடம்பு விறைச்சுப் போச்சு. இப்ப இல்ல, நேத்தே போயிட்டான்."

அவளிடமிருந்து ஒரு சத்தம் வந்தது, அவ்வளவுதான்.

"ஒண்ணு புரியல" என்றார் பொஜ்மா. "வாக்கி அவன்கிட்ட இல்ல. கைக்கு எட்டாத தூரத்துல கிடக்கு, பச்சை விளக்கு எரியுது. அதைப் புடிக்க ரொம்பப் போராடியிருக்கான். நகமெல்லாம் பிஞ்சு கிடக்கு பாவம். அப்ப இவ்வளவு நேரம் உனக்கு யாரு..."

ச்சக். ச்சக்.

அது செட்டில் கேட்டது. பொஜ்மாவின் வாக்கி வழியாகவும் கேட்டது, பக்கத்திலிருந்து, மிகப் பக்கத்திலிருந்து.

"யாரு அது?" என்றார் பொஜ்மா. அவளிடம் அல்ல.

"வெளிய வாங்க!" பொத்தானை அமுக்கவும் மறந்து ரகியா அலறினாள். "பொஜ்மா அண்ணே, வெளிய வாங்க! நான் பொய் சொல்லிட்டேன்! எண் வரல! வெளிய..."

மேஜைமேல் டீ கிளாஸ் கிணுகிணுத்தது. டீயில் வட்டம் வட்டமாக அலை. பிறகு மலை முழுக்க ஒரு உறுமல், காலுக்கு அடியிலிருந்து, எலும்பு வழியாக. நீண்ட நேரம் எதுவோ விழுந்துகொண்டே இருந்தது. அது நின்றபோது ஜன்னலுக்கு வெளியே பனி வெள்ளையாக இல்லை, பழுப்பாக இருந்தது.

கூடாரங்களிலிருந்து ஓலம் எழுந்தது. ரகியா தரையில் கிடந்தாள். எழுந்தாள். செட்டின் விளக்கு எரிந்துகொண்டிருந்தது.

எல்லோரும் பதில் சொல்லும்வரை தளம் விடாமல் பெயர் கூப்பிட்டாக வேண்டும். அதுதான் விதி. கை தானாகவே செய்தது.

"அத்தி."

இரைச்சல்.

"அத்தி, பொஜ்மா அண்ணே, தளம் கூப்பிடறேன். அத்தி."

ச்சக். ச்சக்.

கண்ணாடி வெறுமை.

"அல்லாஹ்!" கேப்டனின் குரல். எண் இரண்டு. "கேட்டேன்! அத்தி உயிரோட இருக்கான்! எல்லாரும் மேல் தெருவுக்கு வாங்க! கடப்பாரை, விளக்கு, கயிறு, என்ன இருக்கோ எடுத்துட்டு வாங்க! வாதுமை, உன் ஆளுங்களையும் கூட்டிட்டு வா!"

ரகியா பொத்தானை அமுக்கினாள். "கேப்டன், அது அவங்க இல்ல..."

செட் கூவியது. தடம் வேறு யாரிடமோ இருக்கிறது என்பதற்கான அந்தத் தட்டையான கூவல். ஒரு நேரத்தில் ஒருவர்தான் பேச முடியும்; வேறு யாரோ பொத்தானை அமுக்கிப் பிடித்திருக்கிறார்கள். கண்ணாடியைப் பார்த்தாள். யாருமில்லை. விட்டாள், அமுக்கினாள். கூவல். விட்டாள், அமுக்கினாள். கூவல். அவள் விரலை எடுத்ததும் நின்றது. வைத்ததும் வந்தது.

அவள் வாக்கியை இடுப்பிலிருந்து பிடுங்கினாள். அதிலும் அதே கூவல்.

ஓட வேண்டும். வாயால் சொல்ல வேண்டும். கேப்டனின் சட்டையைப் பிடித்துச் சொல்ல வேண்டும், நான்தான் பொய் சொன்னேன், மூன்று பேரை நான்தான் கொன்றேன், இனி ஒருவரும் போகாதீர்கள். கதவைத் தள்ளினாள். தாழ்வாரம். சுவர்களில் குழந்தைகள் வரைந்த ஆடுகள், மலைகள், சிரிக்கிற சூரியன். வாசல் சாம்பல் நிறத்தில் கண்ணுக்கெதிரே தெரிந்தது. வெளியே மஹ்ஜூப் கையை ஆட்டிக்கொண்டு ஏதோ கத்தினான். ஓடினாள்.

மறுபடியும் அந்த உறுமல். தரை அவள் காலுக்கடியிலிருந்து விலகியது.

கண் திறந்தபோது கண் திறந்திருக்கிறதா என்று தெரியவில்லை. இருட்டு. வாய் நிறைய மண், சுண்ணாம்புச் சுவை. மார்பின்மேல் ஏதோ அகலமாகப் படுத்திருந்தது. மூச்சு மேலோட்டமாகத்தான் போனது. இடது கை இருக்கிறதா என்று தெரியவில்லை. வலது கை இருந்தது, முன்னால் நீண்டு கிடந்தது, விரல்கள் அசைந்தன.

தூரத்தில் ஒரு பச்சைப் புள்ளி.

அவளுடைய வாக்கி. விளக்கு எரிந்துகொண்டிருந்தது. கைக்கு ஒரு முழம் தள்ளி.

கம்பம் விழவில்லை. வாக்கி தெளிவாகப் பேசியது.

"தளம்! ரகியா! கேக்குதா?" தைபி. மூச்சிரைக்க ஓடி வருகிறார். "ரகியாம்மா, உயிரோட இருந்தா ரெண்டு தடவை அமுக்கு! ரெண்டே ரெண்டு!"

நல்லது. அவர் மேல் தெருவுக்குள் போகவில்லை. அவளுக்காகத் திரும்பி வந்துவிட்டார். ஒரு கணம் அவளுக்கு நிம்மதிகூட வந்தது. அவள் கையை நீட்டினாள்.

பொத்தான் உள்ளே போனது.

அவள் பார்த்துக்கொண்டிருந்தாள். பச்சை வெளிச்சத்தில் அது நன்றாகத் தெரிந்தது. அதன் பக்கத்தில் எதுவுமில்லை. பொத்தான் பொறுமையாக உள்ளே போனது, வெளியே வந்தது. மறுபடி உள்ளே போனது. வெளியே வந்தது.

ச்சக். ச்சக்.

"இருக்கா!" மேலே, கற்களுக்கு மேலே, எங்கோ நிஜக் குரல்கள் சந்தோஷத்தில் அழுதன. "ரகியா உயிரோட இருக்கா! வாங்கடா!"

இல்லை, என்று கத்தினாள். மண் அடைத்த வாயிலிருந்து ஒரு முனகல்கூட வெளியே வரவில்லை.

"இருங்க கேப்டன்." மஹ்ஜூப்பின் குரல், நடுக்கத்தோடு. "வண்டியில பாத்துட்டுதான் வர்றேன். எண் வரல. முன்னாடியும் இப்படித்தான் வந்துச்சு. மாதுளைக்கும் வரல, அத்திக்கும் வரல. அந்தப் பொண்ணு ஏழுன்னு சொல்லிச்சு, ஆனா வரல. வல்லாஹி, சத்தியமா எனக்கு இது பிடிக்கல. சோதனைக் கேள்வி கேளுங்க."

மஹ்ஜூப் அண்ணே. ரகியாவின் கண்ணிலிருந்து தண்ணீர் வழிந்து மண்ணில் ஊறியது. மஹ்ஜூப் அண்ணே, நல்லா இருங்க. கேளுங்க. அதுக்கு ஆமாம் மட்டும்தான் தெரியும். கேளுங்க, கேட்டுட்டு எல்லாரும் தூரப் போயிடுங்க.

வாக்கி இரைந்தது. தைபி தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"ரகியா. மன்னிச்சுக்கம்மா. கேட்டுத்தான் ஆகணும். உன் தம்பி இதிர் உயிரோட இருக்கானா?"

ஆமாம் சொல். ஆமாம் சொல். எப்போதும்போல இரண்டு.

பொத்தான் உள்ளே போனது.

ச்சக்.

வெளியே வந்தது. அப்படியே நின்றது.

ஒன்று. சரியான அழுத்தத்தில், சரியான இடைவெளியில். அவள் சொல்லிக்கொடுத்த மாதிரியே.

"அவதான்" என்றார் கேப்டன், குரல் உடைந்து. "யா அல்லாஹ், அவளேதான். மஹ்ஜூப், இப்ப என்ன சொல்ற?"

"சரி" என்றான் மஹ்ஜூப். அவன் அழுவது கேட்டது. "சரி, நானே முதல்ல இறங்கறேன்."

மேலே ஒரு கல் நகர்ந்தது. பிறகு இன்னொன்று. மண் மெல்லிய நூலாக அவள் நெற்றியில் இறங்கியது. ரகியா கையை நீட்டினாள். தோள் கழன்றுபோக நீட்டினாள். விரல்களைத் தரையில் ஊன்றி இழுத்தாள், சிமென்ட்டைப் பிறாண்டினாள், ஒரு நகம் பிய்ந்தது, அடுத்தது பிய்ந்தது, பச்சை விளக்கு ஒரு முழம் தள்ளியே இருந்தது.

"ரகியா, வந்துட்டோம்மா. மேல பெரிய விட்டம் கிடக்கு, தூக்க ஆள் பத்தாது. கூடாரத்துல இருக்கற ஆம்பளைங்க பொம்பளைங்க எல்லாரையும் கூப்பிடறேன். எல்லாரும் வந்தா தாங்குமா? எல்லாரும் வரட்டுமா?"

பொத்தான் மெதுவாக உள்ளே போனது.

ச்சக்.

ச்சக்.